கால் விரல் நுனியில் இருக்கிற நரம்பு எந்தச் செல்லுடையது?

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. முதலில் கால் கட்டைவிரல் மரத்தது, அப்புறம் பாதம், இப்போது கணுக்கால் வரை ஏறிவிட்டது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வெறுங்காலோடு வீடு வந்து சேர்கிறாராம். மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு "நரம்பு பாதிச்சிருக்கு, என்.சி.எஸ் எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் தங்கச்சி நீட்டுக்குப் படிக்கிறது. அது புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "நரம்பு செல் மூளையிலயும் தண்டுவடத்துலயும்தானே இருக்கு, அப்ப அப்பாவுக்குத் தலையிலயா கோளாறு?" என்று கேட்கிறதாம். நரம்பு செல் என்றால் என்ன, அதில் என்னென்ன பாகம், ஏன் கால் நுனியில் ஆரம்பிக்கிறது, திரும்ப வளருமா, இவ்வளவும் கேள்வி.

நரம்புக்கு லேசாக மின்தூண்டல் கொடுத்து அதில் செய்தி எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற சோதனைதான் என்.சி.எஸ், நான் மதுரையில் அதை எடுக்கிற வேலையில்தான் இருக்கிறேன். டாக்டர் இல்லை, மருந்து மாத்திரை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் நரம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தினமும் திரையில் அலையாகப் பார்க்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி, பாதி சரியும்கூட. தலையில் கோளாறு இல்லை. ஆனால் அப்பாவின் கால் கட்டைவிரலில் இருக்கிற நரம்பு இழையின் சொந்தக்காரச் செல் காலில் இல்லை என்பது உண்மை. அது இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

புத்தகத்துப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் மாதிரி ஒரு செல் உடலம், நடுவில் உட்கரு, சுற்றிலும் கிளை கிளையாக டென்ட்ரைட்டுகள், ஒரு பக்கம் வாலாக ஆக்ஸான், வாலின் மேல் மயலின் உறை, கடைசியில் சின்னச் சின்ன முனைகள். பாகங்களின் பெயர் எல்லாம் சரிதான். டென்ட்ரைட்டுகள் செய்தியை வாங்கும், செல் உடலம் உயிரோடு இருப்பதற்கான புரதங்களைச் செய்யும், ஆக்ஸான் செய்தியைக் கொண்டுபோகும், முனை அடுத்த செல்லுக்குக் கொடுக்கும். படத்தில் தப்பு அளவில் இருக்கிறது. காலுக்குப் போகிற ஒரு நியூரானின், அதாவது நரம்பு செல்லின், உடலம் சுமார் 50 மைக்ரோமீட்டர் குறுக்களவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதன் இழை நீளம் ஒரு மீட்டர். புத்தகத்தில் உடலத்தை ஒரு சென்டிமீட்டருக்கு வரைந்தால், அதே கணக்கில் ஆக்ஸானை 200 மீட்டருக்கு இழுக்க வேண்டும். எந்தப் பதிப்பகமும் அப்படி அச்சடிக்காது, அதனால் நம் மனதில் நியூரான் என்றால் பெரிய தலையும் குட்டி வாலுமாகவே பதிந்துவிட்டது. கனஅளவில் கணக்குப் போட்டால் இன்னும் விபரீதம். 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒரு மீட்டர் ஆக்ஸானோடு ஒப்பிட்டால் அந்த உடலம் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. காலுக்குப் போகிற நியூரான் என்பது கிட்டத்தட்ட முழுக்க இழைதான். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்வியில் முக்கால்வாசிக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

இப்போது அந்த உடலம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். தண்டுவடத்திலிருந்து இரண்டு பக்கமும் 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 5, வால் எலும்பில் 1. மூளையிலிருந்து நேராக வருபவை 12 ஜோடி. ஒவ்வொரு தண்டுவட நரம்புக்கும் இரண்டு வேர். முன்பக்க வேர் வழியாகத் தசைக்கு ஆணை வெளியே போகும், பின்பக்க வேர் வழியாக உணர்வு உள்ளே வரும். இந்தப் பின்பக்க வேரில், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஓட்டையை ஒட்டி, ஒரு சின்ன வீக்கம் இருக்கும். அதைத்தான் வேர் முடிச்சு என்கிறோம். உணர்வு நியூரான்களின் உடலங்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன, தண்டுவடத்துக்கு வெளியே. தங்கச்சியிடம் இதைச் சொல்லுங்கள், நீட்டில் வந்தாலும் வரும். இந்தச் செல்களுக்கு நட்சத்திர உருவம் கிடையாது. உடலத்திலிருந்து ஒரே ஒரு தண்டு கிளம்பி உடனே இரண்டாகப் பிரியும். ஒரு கிளை கீழே கால் விரல் தோல் வரை போகும், இன்னொரு கிளை தண்டுவடத்துக்குள் நுழையும். தொடுவதையும் அதிர்வையும் கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்கிற வகைச் செல்லாக இருந்தால், அந்த மேல் கிளை நடுவில் எங்கும் கைமாற்றாமல் நேராகத் தலைக்குக் கீழே முகுளம் வரை ஏறும். கால் கட்டைவிரலிலிருந்து பிடரிக்குச் சற்று மேல் வரைக்கும் ஒரே செல். மனித உடம்பில் இதைவிட நீளமான செல் கிடையாது. வலியையும் சூட்டையும் சொல்கிற செல்கள் தண்டுவடத்துக்குள் நுழைந்ததுமே அடுத்த செல்லிடம் ஒப்படைத்துவிடும்.

தசையை இயக்குகிற செல்லின் கதை வேறு. அதன் உடலம் தண்டுவடத்துக்குள்ளேயே, முன்பக்கச் சாம்பல் பகுதியில் இருக்கிறது. அது புத்தகத்தில் இருக்கிற அதே நட்சத்திர வடிவம்தான். இதிலும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நீளநீளமான வேர்கள் மட்டும் கொத்தாகத் தொங்கும். சிசேரியனுக்கு முதுகில் போடுகிற ஊசியை மூன்றாவது நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் போடுவது இதனால்தான், அங்கே குத்துப்பட வடமே இல்லை, வேர்கள் ஊசிக்கு விலகிக் கொடுக்கும். "முதுகுல ஊசி போட்டா காலு வராமப் போயிரும்" என்று ஊரில் பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் நம்புவார்கள், மீதிப்பேர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சரி, இடுப்பில் உடலம், ஒரு மீட்டர் தள்ளி விரல். அந்த நுனிக்கு வேண்டிய புரதம் எல்லாம் பெரும்பாலும் உடலத்தில் தயாராகித்தான் போக வேண்டும். ஆக்ஸானுக்குள்ளே நுண்குழல்கள் தண்டவாளமாக ஓடுகின்றன, அவற்றைப் பிடித்துக்கொண்டு கைனெசின் என்கிற புரதம் பொட்டலம் பொட்டலமாகச் சரக்கை நுனிக்கு இழுத்துப் போகிறது. வேகமான சரக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் நகரும், அதாவது கால் விரலுக்குப் போய்ச் சேர மூன்று நான்கு நாள் ஆகும். இழையின் எலும்புக்கூடாக நிற்கிற புரதங்களோ நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் ஊரும். ஒரு மீட்டருக்குக் கணக்குப் போடுங்கள், இரண்டே முக்கால் வருஷம். இன்று உங்கள் அப்பாவின் விரல் நுனியில் இருக்கிற சில புரதங்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் இடுப்பிலிருந்து கிளம்பியவை.

நீங்கள் மேலூர்க்காரர், கடைமடை என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரியாறு கால்வாயில் தண்ணீர் கொஞ்சம் குறைந்தால், கால்வாய் தொடங்குகிற பேரணைக்குப் பக்கத்து வயல்காரருக்குத் தெரியவே தெரியாது, மேலூர்க் கடைமடையில் நாற்று கருகும். இங்கேயும் அதேதான் நடக்கிறது. சர்க்கரை கூடிக் கிடக்கும்போது செல் மொத்தத்துக்கும் சிரமம் வருகிறது, நரம்புக்கு ரத்தம் கொடுக்கிற மயிரிழைக் குழாய்கள் கெட்டிப்பட்டுப்போகின்றன, செல்லுக்குள் சக்தி தயாராவது தடுமாறுகிறது, இழைக்குள் சரக்குப் போக்குவரத்து மந்தமாகிறது. இந்தச் சிரமம் நீளமான இழையின் நுனியில்தான் முதலில் வெளியே தெரியும். உடம்பிலேயே நீளமான இழை கால் விரலுக்குப் போகிறது, அதனால் அங்கே ஆரம்பம். அடுத்து பாதம், கணுக்கால், கெண்டைக்கால். மரமரப்பு முழங்கால் அளவுக்கு ஏறுகிற சமயத்தில்தான் கைவிரல் நுனியிலும் தொடங்கும், ஏனென்றால் கழுத்திலிருந்து கைவிரல் வரைக்குமான நீளம் ஏறக்குறைய இடுப்பிலிருந்து கெண்டைக்கால் முழங்கால் வரைக்குமான நீளத்தை எட்டுகிறது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி ஏறுவதும் அதனால்தான். ஒரு காலில் மட்டும், அதுவும் ஒரு பட்டையாக மரத்தால், டாக்டர் சர்க்கரையை விட்டுவிட்டு முதுகு ஜவ்வையோ வேறு எதையோ சந்தேகப்படுவார்.

இந்தச் சரக்குப் பாதையில் எதிர்த்திசைப் போக்குவரத்தும் உண்டு, நுனியிலிருந்து உடலத்துக்கு. அதை இழுப்பது டைனீன் என்கிற இன்னொரு புரதம். வெறிநாய்க்கடி வைரஸ் இந்தப் பாதையில் ஏறித்தான் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது. கால் கடிக்கும் முகக் கடிக்கும் நாள் வித்தியாசப்படுவது இதனால்தான், முகத்தில் கடித்தால் மூளைக்குத் தூரம் கம்மி. கடித்த பிறகு ஊசி போட்டும் காப்பாற்ற முடிவதற்குக் காரணம், வைரஸ் நரம்பு ஏறி மூளைக்குப் போவதற்குள் உடம்பு எதிர்ப்பைத் தயார்செய்துகொள்ள அவகாசம் கிடைப்பதுதான். அதனால் நாய் கடித்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்கள் தெருவில் நாய்கள் அப்படி.

மயலினுக்கு வருகிறேன். நியூரான் தனக்குத்தானே உறை போட்டுக்கொள்வதில்லை. அதைப் போடுவது வேறொரு செல். உடம்பெங்கும் உள்ள நரம்புகளில் ஸ்வான் செல், மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் ஆலிகோடென்ட்ரோசைட். இரண்டுக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரு ஸ்வான் செல் ஒரே ஒரு ஆக்ஸானின் ஒரே ஒரு துண்டை, சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளத்தை, தன் சவ்வாலேயே பல சுற்றுச் சுற்றிக்கொள்ளும். அடுத்த துண்டுக்கு அடுத்த ஸ்வான் செல். இடுப்பிலிருந்து கால் வரைக்கும் ஒரே இழைக்கு ஆயிரத்தை ஒட்டிய ஸ்வான் செல்கள் வரிசையாக வேலை பார்க்கின்றன. ஆலிகோடென்ட்ரோசைட்டோ ஒரே ஆளாகக் கைகளை நீட்டி நாற்பது ஐம்பது ஆக்ஸான் துண்டுகள் வரைக்கும் சுற்றிக் கொடுக்கும். இரண்டு துண்டுக்கு நடுவில் உறையில்லாமல் திறந்து கிடக்கிற இடம்தான் ரான்வியர் கணு.

இந்தக் கணுவில்தான் மின்வேலை நடக்கிறது. சும்மா இருக்கும்போது செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் பக்கம் இருக்கும். சவ்விலுள்ள பம்பு ஒன்று மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுத்து ஓயாமல் இந்த ஏற்றத்தாழ்வைக் காத்துக்கொண்டிருக்கும். தூண்டல் வந்ததும் சோடியம் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, உட்புறம் ஒரு கணம் நேர்மின்னாக மாறுகிறது, உடனே பொட்டாசியம் வெளியேறி பழைய நிலை திரும்புகிறது. ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் முடிந்துபோகும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த ஆக்ஸானில் இதை அளந்து 1952-ல் கணக்காகவே எழுதிவிட்டார்கள், 1963-ல் நோபல் கிடைத்தது. பல் பிடுங்கும்போது போடுகிற லிக்னோகைன் ஊசி இந்தச் சோடியம் கதவைத்தான் அடைக்கிறது. உறை போட்ட இழையில் இந்தக் கூத்து கணுவுக்குக் கணு மட்டும் நடப்பதால் செய்தி தாவித் தாவிப் போகிறது. தடித்த, நல்ல உறையுள்ள இழையில் செகண்டுக்கு 70 முதல் 120 மீட்டர் வரை. உறையே இல்லாத மெல்லிய இழையில் செகண்டுக்கு ஒரு மீட்டர் அளவு.

இந்த வேக வித்தியாசத்தை உங்கள் காலிலேயே பார்த்திருப்பீர்கள். கண்மாய்க்கரையில் வெறுங்காலோடு நடக்கும்போது சீமைக்கருவேல முள் ஏறினால் முதலில் கால் தானாக மேலே வந்துவிடும், நீங்கள் முடிவெடுப்பதற்கு முன்னால். அது தண்டுவடத்துக்குள்ளேயே முடிந்துபோகிற காரியம், உணர்வுச் செல் உள்ளே வந்து ஓர் இடைச்செல்லிடம் சொல்ல அது இயக்கச் செல்லைத் தட்டிவிடுகிறது. அப்புறம் சுரீர் என்று ஒரு கூர்மையான வலி, இடம் துல்லியமாகத் தெரியும். அது மெல்லிய உறையுள்ள இழையில் வந்தது. அது அடங்குகிற நேரத்தில், ஒரு செகண்ட் கழித்து, விண்விண்ணென்று ஒரு கனத்த எரிச்சல் வந்து தங்கும். அது உறையில்லாத இழையில் ஊர்ந்து வந்த செய்தி. முள் ஒன்றுதான், தபால் இரண்டு.

இனி என்.சி.எஸ்ஸில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொன்னால் இதெல்லாம் எதற்கு என்று விளங்கும். கெண்டைக்காலின் பின்பக்கத்தில் ஒரு சின்ன மின்தூண்டல் கொடுத்து, வெளிக்கணுக்காலுக்குப் பின்னால் ஒட்டிய மின்முனையில் அலையைப் பிடிப்போம். அந்த நரம்பின் பெயர் சூரல், சுத்தமான உணர்வு நரம்பு, அலை சில மைக்ரோவோல்ட் உயரம்தான் இருக்கும், சர்க்கரைக்காரர்களிடம் முதலில் சின்னதாவது பெரும்பாலும் இதுதான். அப்புறம் உள்கணுக்காலுக்குப் பின்னால் தூண்டினால் கட்டைவிரல் வெடுக்கென்று துள்ளும், அது இயக்க நரம்பு. திரையில் நாங்கள் பார்ப்பது முக்கியமாக இரண்டே விஷயம், அலையின் உயரம், அலை வந்து சேர்ந்த வேகம். உயரம் எத்தனை ஆக்ஸான் உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. வேகம் மயலின் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறது, கால் இயக்க நரம்பில் செகண்டுக்கு 40 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். உயரம் குறைந்து வேகம் ஓரளவு சரியாக இருந்தால் இழையே போய்க்கொண்டிருக்கிறது. உயரம் இருந்தும் வேகம் பாதியாகிவிட்டால் ஸ்வான் செல் பக்கம் பிரச்சினை. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோன ஒன்றிரண்டு வாரத்தில் கால் இழுத்து, பலவீனம் மேலே மேலே ஏறுகிற கில்லன் பாரே நோயில் பல பேருக்கு இந்த இரண்டாவது வகையைத்தான் பார்க்கிறோம், உடம்பின் எதிர்ப்புப்படையே மயலினைத் தாக்கிவிடுகிறது. அது அவசரம், ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் இழை தப்பித்திருந்தால் ஸ்வான் செல்கள் திரும்ப உறை போட்டுவிடும், ஆள் எழுந்து நடப்பார். சர்க்கரையில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும், இழை இழப்பு தூக்கலாக.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் குழம்பிச் சண்டைக்கு வருகிறார்கள். என்.சி.எஸ் தடித்த இழைகளை மட்டும்தான் பிடிக்கும். எரிச்சலையும் சூட்டையும் சொல்கிற மெல்லிய இழைகளின் சத்தம் இந்த மிஷினுக்குக் கேட்காது. சர்க்கரையில் அந்த மெல்லிய இழைகள் முன்னாடியே அடிபடுவது உண்டு. ராத்திரி முழுக்கக் கால் எரிகிறது, ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருக்கிறது என்றால் ஆளும் பொய் சொல்லவில்லை, மிஷினும் பொய் சொல்லவில்லை. டாக்டர்கள் அதனால்தான் பாதத்தில் ஊசிமுனைக் குத்தும் சூடு குளிர்ச்சியும் தெரிகிறதா என்று தனியாகப் பார்க்கிறார்கள், தடித்த இழைகளுக்கு நைலான் இழையை வளையும்வரை அழுத்தியும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்தும், குதிகால் தசைநாணைச் சுத்தியலால் தட்டியும் பார்க்கிறார்கள். எவ்வளவு விலையுள்ள மிஷின் இருந்தாலும் அந்த இசைக்கவைக்கு இருக்கிற மரியாதை எனக்குக் குறையவே இல்லை.

மூளைப் பக்கம் கொஞ்சம் வேகமாகப் போய்விடுகிறேன், தங்கச்சிக்காக. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அதில் சுமார் 6,900 கோடி பிடரிப் பக்கத்துச் சிறுமூளையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன, நாம் பெருமையாகப் பேசுகிற பெருமூளைப் புறணியில் சுமார் 1,600 கோடிதான். துணைச்செல்களான நியூரோக்ளியா நியூரானைப்போலப் பத்து மடங்கு என்று பழைய புத்தகங்களில் இருக்கும், எண்ணிப் பார்த்ததில் ஏறக்குறைய சமம் என்றுதான் வருகிறது. இந்தத் துணைச்செல்களை வெறும் இட்டுநிரப்பும் பொருளாக நினைத்த காலம் போய்விட்டது. ஆஸ்ட்ரோசைட்டுகள் ரத்தக்குழாயைக் காலால் அணைத்துக்கொண்டு நியூரானுக்குச் சத்துப் பார்த்துக் கொடுக்கின்றன, வெளியே சிந்திய பொட்டாசியத்தையும் குளுட்டமேட்டையும் உறிஞ்சிச் சுத்தம்செய்கின்றன. மைக்ரோக்ளியா எதிர்ப்புப்படையைச் சேர்ந்தவை, செத்த குப்பையைத் தின்னும். எபென்டிமல் செல்கள் மூளை அறைகளின் சுவரில் வரிசையாக நிற்கும், மூளைத் தண்டுவட நீர் சுரப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அந்த நீர் ஒரு சமயத்தில் 150 மில்லிதான் இருக்கும், ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் சுரந்து மாறிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, பெரியவர்களுக்கு மூளையிலேயே கிளம்புகிற புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை இந்த க்ளியா வகைச் செல்களிலிருந்து வருபவை. முதிர்ந்த நியூரான் பிளந்து பெருகுவதில்லை, அதனால் அதில் புற்று வருவது அபூர்வம்.

செல்லுக்குச் செல் இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதே ஒருகாலத்தில் பெரிய சண்டை. இத்தாலியின் கோல்ஜி 1873-ல் வெள்ளி உப்பால் நியூரானைக் கறுப்பாக்கிக் காட்டும் முறையைக் கண்டுபிடித்தார், ஆனால் எல்லாம் ஒரே வலைப்பின்னல் என்று நம்பினார். ஸ்பெயின்காரர் கஹால் அதே சாயத்தை வைத்துக்கொண்டே, இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனிச் செல் என்று வரைந்து காட்டினார். 1906-ல் இரண்டு பேருக்கும் சேர்த்து நோபல் கொடுத்தார்கள், அந்த மேடையிலும் கோல்ஜி தன் பழைய கட்சியையே பேசினார். கஹால் சொன்னதே நின்றது. அந்த இடைவெளிதான் சினாப்ஸ், அகலம் ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு என்கிற அளவு. மின்செய்தி முனைக்கு வந்ததும் கால்சியம் உள்ளே போகும், குட்டிப் பைகளிலிருந்து வேதிப்பொருள் கொட்டும், எதிர்ப்பக்கம் அதை வாங்கிக்கொள்ளும். நரம்பு தசையைச் சந்திக்கிற இடத்தில் அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை வெட்டிப்போடும். மல்லிகைக்கும் பருத்திக்கும் அடிக்கிற ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும், அதனால்தான் துணி கட்டாமல் எதிர்காற்றில் மருந்தடித்தவருக்கு எச்சில் ஒழுகி, வேர்த்துக் கொட்டி, கண்மணி சுருங்கி, தசை துடிக்கிறது. நல்ல பாம்பு விஷம் வாங்குகிற பக்கத்தை அடைக்கும், கட்டுவிரியன் விஷம் கொடுக்கிற முனையையே சிதைக்கும், இரண்டிலும் முதலில் கண்ணிமை தொங்கும். அப்படிப்பட்டவர் உயிர் பிழைப்பது எவ்வளவு சீக்கிரம் பெரியாஸ்பத்திரி மாதிரி செயற்கை சுவாசம் உள்ள இடத்துக்கு வந்து சேர்கிறார் என்பதில் இருக்கிறது.

தானியங்கி நரம்புகள் என்று ஒரு பிரிவு இருக்கிறது, இதயம், குடல், சிறுநீர்ப்பை, வியர்வை எல்லாம் அதன் கையில். உங்கள் அப்பா விஷயத்தில் ஒன்று மட்டும் கவனியுங்கள், படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது என்று சொன்னாலோ, பாதத்தில் வியர்வையே இல்லாமல் தோல் வறண்டு வெடித்தாலோ அதுவும் இதே நோயின் வேலையாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். அதோடு, மெட்பார்மின் வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு பி12 குறையும். மயலினுக்கு பி12 வேண்டும், அது குறைந்தாலும் கால் மரக்கும், தண்டுவடத்தின் பின்பக்கப் பாதையும் கெடும். சர்க்கரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் பார்த்துக் குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ உண்மையிலேயே பலன் தரும். பி12 சரியாக இருக்கிறவருக்கு, டி.வி.யில் காட்டுகிற நரம்பு டானிக் பாட்டில் பணத்துக்குக் கேடு என்பது என் அபிப்பிராயம்.

திரும்ப வளருமா? கை கால் நரம்புக்கு அந்தக் குணம் உண்டு. இழை அறுந்தால் அறுந்த இடத்துக்குக் கீழே உள்ளது சிதைந்துபோகும், ஆனால் தூரத்திலிருக்கிற உடலம் பிழைத்திருந்தால் அது புது முளை விடும். ஸ்வான் செல்கள் சிதைந்ததை அகற்றிவிட்டு, வரிசையாக நின்று, வளர்ச்சிக்கு வேண்டிய புரதங்களைச் சுரந்து முளைக்கு வழிகாட்டும். வேகம் நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம். அரிவாள் வெட்டில் மணிக்கட்டு நரம்பு அறுந்து தைத்தவர்களிடம் "விரல் நுனி உணர்ச்சிக்கு மாசக்கணக்காகும்" என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் கதை மாறுகிறது. அங்கே ஆலிகோடென்ட்ரோசைட்டின் மயலினே முளையைத் தடுக்கிற புரதங்களை வைத்திருக்கிறது, ஆஸ்ட்ரோசைட்டுகள் காயத்தைச் சுற்றித் தழும்பு கட்டிவிடுகின்றன. கிணற்றில் விழுந்து தண்டுவடம் நசுங்கியவருக்குக் கால் திரும்புவது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு இவை முக்கியமான காரணங்கள்.

உங்கள் அப்பாவுக்கு வெட்டுக்காயம் இல்லை, நுனியிலிருந்து மெல்லப் பின்வாங்குகிற இழை. உடலம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். ஆனால் முளை விடுகிற சூழ்நிலையைச் சர்க்கரையே கெடுத்துக்கொண்டிருப்பதால் போன உணர்ச்சி முழுசாகத் திரும்பும் என்று நான் ஆசைகாட்ட மாட்டேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேலே ஏறுவது மெதுவாகும். அதுவரை அவருடைய பாதத்துக்கு அவருடைய கண்தான் காவல். ராத்திரி படுக்கும்முன் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள், குனிய முடியாவிட்டால் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து. பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள், கழன்று விழாது. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் நடந்துவிட்டு வந்து, கொப்புளம் வந்ததை மறுநாள் வேட்டியில் ஈரம் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் எங்களிடம் வருகிறார்கள். சாமி கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது, வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்வரட்டும்.

என்.சி.எஸ்ஸுக்கு வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டு வரலாம். அன்றைக்குக் காலில் எண்ணெயோ களிம்போ தடவ வேண்டாம், மின்முனை ஒட்டாது. பாதம் சில்லிட்டிருந்தால் வேகம் குறைத்துக் காட்டும், நல்ல நரம்பும் கெட்ட நரம்பு மாதிரி ரிப்போர்ட் வரும், அதனால் ஏ.சி. அறையில் ரொம்ப நேரம் உட்காரவைத்திருந்தால் காலைச் சூடுபடுத்திவிட்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. சுண்டினாற்போல ஷாக் அடிக்கும், முக்கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் மட்டும் உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.